புதன் கிரகத்தில் குடையுடன் நிற்பவர் குறித்து

ஏழாங்கட்டைத் தோட்டம்,
பீடோர், பேராக்.
14-10-1975

மதிப்புக்குரிய ஞாயிறு பதிப்பு ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மேற்படி தோட்டத்தின் கடைசி லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் அந்தோணிமுத்துவின் மகள் கெர்ட்ரூட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சுக்கோர்க்கும் அன்பர்களும், குறிப்பாகப் படங்களுக்குக் கீழே வரி எழுதிச் சேர்க்கும் அன்பரும் ஆண்டவர் அருளால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம். எங்கள் லயத்தின் சமையற்கட்டுச் சுவர்கள் மட்டும் நலமில்லை. அதைப் பற்றித்தான் தங்களுக்கு முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன்.

தங்களுக்கு நினைவிருக்காது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் பினாங்கில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். இந்தத் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதால், யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் என்னிடம் தூக்கி வருகிறார்கள். எனக்கு ரேடியோ பழுது பார்க்கத் தெரியாது என்பதை அவர்கள் என் அடக்கம் என்று நினைக்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுத வரும். அதனால் சென்ற மாதம் தங்களுக்கு இரண்டு கட்டுரைகள் எழுதினேன்.

ஒன்று, எங்கள் குழியைப் பற்றியது. கடைசி லயத்துக்குப் பின்னால் இருந்த ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, அந்தச் சரிவைத் தோட்ட நிர்வாகம் ஓர் ஈயக் குத்தகைக்காரருக்கு விட்டது. அவர் இயந்திரம் வைத்துத் தண்ணீரைப் பீச்சி மண்ணைக் கரைக்கிறார். கரைந்த மண்ணில் ஈயம் அவருக்கு, குழி எங்களுக்கு. குழி முதலில் தூரத்தில் இருந்தது. பிறகு பக்கத்தில் வந்தது. போன மழையில் ராக்காயி அக்காவின் குளியலறை உள்ளே போய்விட்டது. நல்லவேளையாக அக்கா அப்போது குளிக்கவில்லை. எங்கள் சமையற்கட்டுச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. இந்த மழைக்கு இயந்திரத்தை நிறுத்தாவிட்டால் லயமே போய்விடும் என்று தொழிற்சங்கத்து ஐயாவு அண்ணன் மனுவுக்கு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து, “தங்கச்சி, நீ பேப்பர்ல போடு” என்றார். பீடோரிலிருந்து ஸ்டூடியோக்காரரை அழைத்து வந்து குழியைப் படம் எடுத்தோம். ஆள் ஒருவர் உள்ளே நின்றால்தான் ஆழம் தெரியும் என்று அவர் சொன்னதால் அப்பா இறங்கி நின்றார். படம் பிடிக்கிறார்கள் என்றதும் கோட்டுப் போட்டுக்கொண்டார். தூறல் போட்டதால் குடையும் பிடித்தார்.

இரண்டாவது கட்டுரை எனக்காக எழுதியது. படிக்கும் காலத்தில் அமெரிக்க விண்வெளிக்காரர்களுக்கு ஓர் ஏரோகிராம் எழுதி, மரினர் பத்து என்னும் விண்கலம் எடுத்த புதன் கிரகப் படங்கள் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். ஒரு கட்டு அனுப்பிவைத்தார்கள். என் வாழ்க்கையில் நான் கேட்டு, கேட்டவுடன் கிடைத்த ஒரே பொருள் அதுதான். அவற்றில் ஒன்றை வைத்து, சூரியனுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு காயம்பட்ட கோளம் இருக்கிறது, விண்கற்கள் மோதி மோதி அதன் உடம்பெல்லாம் பள்ளம், அங்கே காற்றும் மழையும் இல்லாததால் விழுந்த பள்ளம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விழுந்தபடியே கிடக்கிறது என்று எழுதினேன். அடியில் என் பெயரையும் பட்டத்தையும் போட்டேன். குழிக் கட்டுரையில் பெயர் போடவில்லை, அப்பா இந்தத் தோட்டத்தில் இன்னும் மரம் சீவுகிறார்.

இரண்டையும் தனித்தனி உறையில் போடத்தான் இருந்தேன். அப்பா தடுத்துவிட்டார். “ரெண்டும் ஒரே ஆபீசுக்குத்தானே போவுது. எதுக்கும்மா ரெண்டு கவரு? ஒன்னுல போடு. ஒன்னுக்கு ஒன்னு தொணையாப் போவும்லா” என்றார். துணையாகத்தான் போயின. இரண்டும் கறுப்பு வெள்ளை, இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் பள்ளம். எது எதென்று பின்புறம் பென்சிலில் எழுதியிருந்தேன். அது வழியில் அழிந்திருக்கலாம். அல்லது தங்கள் அன்பருக்குப் படத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் இல்லாதிருக்கலாம்.

சென்ற மாதக் கடைசி ஞாயிறு தங்கள் பத்திரிகை வந்தது. ‘லயத்தை விழுங்க வரும் குழி’ என்ற தலைப்பின் கீழே புதன் கிரகம். அதுவும் தலைகீழாக. பக்கத்தைத் திருப்பினால் என் புதன் கட்டுரை, அதன் நடுவே எங்கள் குழி. குழிக்குள் அப்பா, கோட்டும் குடையுமாக. அவர் காலடியில் தங்கள் அன்பர் அழகாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘புதன் கிரகத்தின் மேற்பரப்பு. இங்கே எந்த உயிரும் வாழ வழியில்லை.’

நான் பத்திரிகையைப் பார்ப்பதற்குள் சீனியின் மளிகைக் கடையில் தோட்டமே கூடிவிட்டது. தாளை மேசைமேல் விரித்துப் போட்டு நாலு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆகாயத்துலேர்ந்து எடுத்திருக்கான்லா. பேப்பர்காரன் சும்மா ஆள் இல்ல” என்றார் ஐயாவு அண்ணன்.

“என் வீடு எங்கண்ணே?” என்றார் ராக்காயி அக்கா.

“இந்தா, கோடு மாதிரி போவுது பாரு, அதான் லயம். இந்த முனையில உன் வீடு.”

“அது பக்கத்துல புள்ளி?”

“அது என்னமோ.”

“என்னமோ இல்ல, அது என் கோழிக்கூடு.”

“கோழிக்கூடு இம்மாம் பெருசாவா இருக்கும்?” என்று சீனி கேட்டார்.

“என் கோழிக்கூடு எனக்குத் தெரியாதா? நீ கடனுக்குக் கொடுத்த பலகைதானே அது.”

என் கணக்கில் அந்தப் புள்ளி பீடோரிலிருந்து ஈப்போ வரை அகலம். இதைச் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். அதற்குள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் படத்தில் இருப்பது மண்மேடு என்றும், எதிர்ப்பக்கம் நின்றவர்கள் இல்லை, குழிதான் என்றும் சண்டைக்குப் போய்விட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஐயாவு அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணே, இது நம்ம தோட்டம் இல்லை, இது வேறொரு கிரகம், படம் மாறிவிட்டது என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “தங்கச்சி, மெதுவாப் பேசு. பேப்பர்ல நம்ம தோட்டம்னு போட்டுட்டான்லா. போட்டா போட்டதுதான்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அங்கயும் ஈயம் தோண்டுறானுங்களா?” என்று கேட்டார்.

மறுநாள் மேனேஜர் எங்களை ஆபீசுக்கு அழைத்தார். அப்பா, ஐயாவு அண்ணன், எழுதியது யார் என்பது எப்படியோ தெரிந்துபோனதால் நான். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி பழனியப்பன்தான் இடையில் நின்று பேசினார். அவர் தாளை எங்கள் முன்னால் நீட்டி, “குழி குழின்னு எழுதியிருக்கீங்க. படத்துல பூரா மேடுதானே இருக்கு? மண்ணைக் குமிச்சு வெச்சிருக்கான், அது ஒரு தப்பான்னு மேனேஜர் கேக்குறாரு” என்றார். அவர் சொன்னது சரிதான். தலைகீழாக அச்சான படத்தில் பள்ளங்கள் எல்லாம் கொப்புளங்களாகத் தெரிந்தன. ஐயா, தயவு செய்து கவனியுங்கள். மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்லெறி தூரத்தில் குழி. குழியின் ஓரத்தில் எங்கள் லயம். நாங்கள் ஐந்து பேரும் அந்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து, படத்தில் குழி இருக்கிறதா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஐயாவு அண்ணன் என்னைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் எழுந்து போய்த் தாளைத் திருப்பி வைத்தேன். வெளிச்சம் மேலே இருந்து வருவதாகத்தான் நம் கண் எப்போதும் எடுத்துக்கொள்ளும், இந்தப் படத்தில் கீழே இருந்து வருவதால் பள்ளம் மேடாகத் தெரிகிறது, இப்படி வைத்துப் பாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் மேடெல்லாம் அமுங்கிக் குழியாயின. மேனேஜர் அதிர்ந்துபோனார். தாளைத் திருப்பினார், மேடு. மறுபடி திருப்பினார், குழி. “ஆமாம், குழிதான், எல்லாம் குழிதான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, டைப் அடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் போய் ஸ்டோர் ஆளைக் கூப்பிட்டு வந்தாள். ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் மேனேஜர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். “இம்புட்டுப் படிச்ச பொண்ணு நம்ம தோட்டத்துல இருக்குறது பெருமைன்னு சொல்றாரு” என்றார் பெரிய கிராணி. அதோடு அனுப்பிவிட்டார்கள். பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் படித்த படிப்பு அந்த ஆபீசில் முதன்முறையாகப் பயன்பட்டது, ஒரு விளையாட்டுச் சாமானாக.

இனி, பக்கத்தைத் திருப்புங்கள் ஐயா. அங்கே அப்பா நிற்கிறார். தங்கள் ஞாயிறு பதிப்பை எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள். காற்று இல்லாத, மழை இல்லாத, ஈயம் உருகும் சூட்டில் கிடக்கிற ஒரு கிரகத்தில் ஒரு மனிதர் கோட்டுப் போட்டு, குடை பிடித்து நிற்கிறாரே, யார் அவர், என்ன கஷ்டம் அவருக்கு என்று அத்தனை பேரில் ஒருவராவது தங்களுக்கு எழுதினார்களா? எழுதியிருக்கமாட்டார்கள். லூமுட் படகுத்துறையில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மரியஜோசப், அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், கட்டுரையைப் படித்துவிட்டு எனக்கு வாழ்த்து எழுதியிருந்தார். ‘படத்தைப் பார்த்தேன். பயமாக இருக்கிறது. நல்லவேளை, ஆண்டவர் நம்மை அந்த மாதிரி இடத்தில் பிறக்க வைக்கவில்லை’ என்று முடித்திருந்தார். பெரியப்பா போன ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில்தான் தங்கினார். அந்தக் குழியைப் பார்த்தபடிதான் பசியாறினார். படத்தில் அப்பா போட்டிருக்கும் கோட்டும் அவர் கொடுத்ததுதான்.

கவனித்தவர் ஒரே ஒருவர். யாரிடம் நான் வேலை கேட்டுப் போயிருந்தேனோ, அவர். ஈப்போவில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். அச்சில் வரப்போகிறது என்று தங்கள் ஆபீசிலிருந்து தகவல் வந்த சந்தோஷத்தில், விண்ணப்பத்தோடு என் கட்டுரையின் நகலையும் முன்னரே அனுப்பியிருந்தேன், அது வெளிவருவதற்கு முந்தைய வாரமே, இந்த ஞாயிறு பாருங்கள் என்று ஒரு குறிப்புடன். பார்த்திருக்கிறார். தமிழ் தெரிந்தவர், தாளை மேசைமேல் வைத்திருந்தார். பேசியது ஆங்கிலத்தில், தங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“கட்டுரை நன்றாக இருக்கிறது. இந்தப் படம் விண்கலம் எடுத்ததா?”

“அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.”

“இதில் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார்.”

“ஆமாம்.”

“யார் அவர்?”

“என் அப்பா.”

அவர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, “அவர் அங்கே என்ன செய்கிறார்?” என்று கேட்டார்.

நான் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். உறை, பென்சில், ஸ்டூடியோக்காரர் என்று வரிசையாக விளக்கியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது, “நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம்” என்பது மட்டும்தான்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. படம் மாறியதை மெல்ல மெல்ல என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆனால் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்றார். தன் கட்டுரையில் இருப்பது எந்தக் கிரகம் என்றே தெரியாத பெண்ணிடம் மாணவிகளை ஒப்படைப்பதா என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். “வருகிற திங்கட்கிழமை முடிவெடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு திருத்தம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு வந்து வேலையை வாங்கிக்கொள். வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது” என்றார்.

இந்த வேலை கிடைத்தால் பள்ளியில் தங்கும் அறையும் கொடுப்பார்கள். வெடிப்பு விழாத சுவர். மழை பெய்தால் எழுந்து உட்காராமல் தூங்கலாம். கொஞ்ச நாளில் ஒரு வீடு பார்த்து அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொள்ளலாம். பீடோர்ச் சடக்கோரம் நின்று ஈப்போ பஸ் ஏறும்போதே இவ்வளவையும் யோசித்துவிட்டேன். யோசிப்பதில் நான் வேகமானவள்.

ஆகவே ஐயா, இந்த ஞாயிறு பதிப்பில் கீழ்க்கண்ட திருத்தத்தை வெளியிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அன்பருக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதியிருக்கிறேன்:

‘திருத்தம். பீடோர் ஏழாங்கட்டைத் தோட்டம் என்று சென்ற மாதம் நாம் வெளியிட்ட படம் புதன் கிரகம் ஆகும். புதன் கிரகம் என்று வெளியிட்ட படம் பீடோர் ஏழாங்கட்டைத் தோட்டம் ஆகும். பின்னதில் காணப்படும் திரு. அந்தோணிமுத்து பூமியில் வசிப்பவர். அங்கே உயிர் வாழ வழியில்லை என்று நாம் எழுதியதை மட்டும் மாற்றத் தேவையில்லை.’

கடைசி வரி நீளம் என்றால் வெட்டிவிடுங்கள்.

தங்கள் பத்திரிகை மேன்மேலும் வளரவும், தங்கள் இல்லத்துச் சுவர்கள் எல்லா மழையிலும் உறுதியாக நிற்கவும், படத்துக்கு வரி சேர்க்கும் அன்பருக்கு ஆண்டவர் நல்ல கண்பார்வை அருளவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். அம்மா தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அவருக்குத் தங்களைத் தெரியாது. கடிதம் என்றால் அப்படித்தான் முடிக்க வேண்டும் என்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
அ. கெர்ட்ரூட்

பி.கு. 15-10-1975. ஒட்டிய உறையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். நேற்று மாலை ஈப்போவிலிருந்து சுரங்க இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். கையில் தங்கள் ஞாயிறு பதிப்பு. நேராகக் குழிக்குப் போய், குத்தகைக்காரரையும் மேனேஜரையும் வரவழைத்து மலாயில் ஏதோ கேட்டார். ஐயாவு அண்ணன் எங்களுக்குச் சொன்னார்: “மத்த லூபாங் எல்லாம் எங்கன்னு கேக்குறாரு. ஒரு குழிக்குத்தானே பெர்மிட்டு, படத்துல இத்தனை குழி இருக்கேங்குறாரு.” வேறு குழியே கிடையாது என்று குத்தகைக்காரர் சத்தியம் செய்தார். அதிகாரி தாளைக் காட்டினார். அது குழியே இல்லை, மேடு என்றார் மேனேஜர். அதிகாரி தாளைத் திருப்பினார். அதற்குள் பெரிய கிராணி பழனியப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “மேனேஜரே அன்னைக்கு எல்லாம் குழிதான்னு சொன்னாரே” என்று சொல்லிவிட்டார். டைப் அடிக்கும் பெண்ணும் தலையாட்டினாள். ஒளித்துவைத்த குழிகள் அத்தனையையும் கண்டுபிடித்து அளக்கும்வரை இயந்திரம் ஓடக்கூடாது என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று காலையிலிருந்து அவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பால்மரங்களுக்கு நடுவே புதன் கிரகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். கவனமாகத் தேடுகிறார். இந்த மழை முடிவதற்குள் கண்டுபிடிக்கமாட்டார்.

உண்மையான குழியைப் பற்றி எழுதிய மனுக்களுக்கு ஒரு சைக்கிள்கூட வரவில்லை. இதற்கு ஜீப் வந்தது.

ஐயாவு அண்ணன் மத்தியானம் வந்து, “தங்கச்சி, திருத்தம்னு என்னமோ எழுதிட்டு இருந்தியே, போட்டுட்டியா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு நின்றார். போகவில்லை. கடைசி லயத்தில் எங்கள் வீட்டோடு சேர்த்து எத்தனை வீடு என்பது எனக்கும் தெரியும் என்பதால் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் போன பிறகு அப்பாதான் கேட்டார்.

“பள்ளிக்கூடத்துக்கு என்னாம்மா சொல்லுவ?”

“ஒன்றும் சொல்லப்போவதில்லை, அப்பா. போகவில்லை.”

அப்பா சுவர் வெடிப்பில் கையை விட்டு எடுத்தார். அது அவருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. “என்னய அங்கேர்ந்து எறக்க வேணாம்மா. நான் புதன்லயே நின்னுக்கிறேன்” என்றார்.

ஆகையால் ஐயா, மேலே உள்ள திருத்தத்தைத் தயவு செய்து அச்சிட வேண்டாம். விவரம் தெரிந்த வேறு வாசகர் யாராவது எழுதினாலும் அச்சிட வேண்டாம், இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் அனுப்புவது அதற்காகத்தான். மேலே எழுதியவை எல்லாம் உண்மை. அச்சிட வேண்டாம் என்பதற்குக் காரணமும் அதுவே. மழை ஓயும்வரை புதன் கிரகம் பீடோரிலேயே இருக்கட்டும். அப்பாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவரிடம் குடை இருக்கிறது.